ஒன்பது ஐந்துக்குப் பார்த்தது, பன்னிரண்டு நாற்பதுக்குச் சொன்னது

ஆக்லாந்தில் அந்த ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் முதல் நான்கு மாதம் வேலை செய்தது நானல்ல, என் அப்பா. மனிதர் வாழ்நாளில் நுண்ணோக்கியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் என் வெள்ளைக் கோட்டில் குத்தியிருந்த அட்டையில் அவர் பெயர்தான் இருந்தது. காலையில் வாசலில் எல்லோரும் வணக்கம் சொன்னதும் அவருக்குத்தான். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. யாழ்ப்பாணத்தில் அப்பா பெயரை முன்னால் போட்டு நம் பெயரைப் பின்னால் போடுவோம். இந்த நாட்டுப் படிவத்தில் இருக்கும் கட்டங்களுக்கு அது விளங்காது. ஒரு எழுத்தர் ஒருவிதமாக எழுதுவார், அடுத்தவர் திருப்பி எழுதுவார். இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். ஆனால் ஒருநாள் இதில் ஒரு மனிதரின் உயிர் தொங்கியது.

இப்போது அந்தப் பிரிவில் தமிழர் ஐந்து பேர் இருக்கிறீர்களாம். உங்களில் சென்னைப் பெண் போன மாதம் ஹில்ஸ்பரோவில் என் வீட்டுக்கு வந்து, "அங்கிள், அந்தக் காலத்துக் கதை ஏதாவது எழுதிக் கொடுங்களேன், நாங்க எல்லாரும் படிக்கிறோம்" என்று கேட்டாள். தீரக்கதை எதிர்பார்த்திருப்பாள், பாவம். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. நான் செய்த தவறு ஒன்றுதான் இருக்கிறது. அதை எழுதுகிறேன். அனுமதி கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்தக் கூடத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் நெஞ்சு இளகும். வடக்குப் பக்கம் நீளமான ஜன்னல். மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து கண்ணாடியில் அறையும். கிருமி வளர்ப்புத் தட்டுகளின் வாசனை எனக்குக் காலைச் சாப்பாட்டு வாசனை மாதிரிப் பழகியிருந்தது. வீட்டில் அதைச் சொன்னால் மனைவி மூக்கைப் பொத்துவாள். பத்தேகாலுக்குத் தேநீர். பல்லை உடைக்கும் இஞ்சி பிஸ்கட். நனைக்காமல் கடிப்பவன் புது ஆள் என்று கண்டுபிடித்துவிடலாம். எங்கள் பொறுப்பாளர் என்னைவிட ஏழு வயது இளைய ஒரு பெண்மணி. தென்தீவில் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். கோபம் வந்தாலும் குரல் உயர்த்தவே மாட்டார், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். கணினி வந்து இரண்டு வருடமாகியும் அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. நோயாளியின் இரத்தத்தில் கிருமி வளர்ந்தால், பெயர், பிறந்த தேதி, கிருமி, எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று எல்லாவற்றையும் தடித்த அட்டை போட்ட புத்தகம் ஒன்றில் கையால் எழுத வேண்டும். நாங்கள் அதைப் பொசிட்டிவ் புத்தகம் என்போம்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்துகள் வந்து சேராத வருடங்கள் அவை. அவர்களுடைய மாதிரிகளில் மஞ்சள் வில்லை ஒட்டி வரும். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. வெளியே பேச்செல்லாம் வாயில் நுழையாத பெயருள்ள அபூர்வக் கிருமிகளைப் பற்றி. எங்கள் மேசைக்கு வந்தவையோ பெரும்பாலும் பழகிய முகங்கள்: நிமோனியாக் கிருமி, சல்மொனெல்லா. நமக்கு சல்மொனெல்லா என்றால் கெட்டுப்போன கோழிக்கறி, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். அவர்களில் சிலருக்கு அது இரத்தத்திலேயே ஏறிவிடும். மருந்து கொடுத்தால் பதுங்கும். சீக்கிரம் நிறுத்தினால் திரும்பி வரும். அதனால் விஷயம் தெரிந்த வைத்தியர்கள் பல மாதங்களுக்குக் குளிசையை, அதாவது மாத்திரையை, நிறுத்தவே விடமாட்டார்கள். விஷயம் தெரிந்தால்தான் அது நடக்கும்.

இனி என் தவறுக்கு வருகிறேன். அது சோம்பலில் வந்ததல்ல. மிகவும் யோக்கியமானவனாக இருக்கப் பார்த்ததில் வந்தது.

அப்போது இந்த ஊரில் நாம் கொஞ்சப் பேர்தான். வெள்ளிக்கிழமை வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில் பூசை நடக்கும். முடிந்து செருப்பைப் போடுவதற்குள் யாராவது என் முழங்கையைப் பிடிப்பார்கள். "தம்பி, உங்கட ஆஸ்பத்திரியில எங்கட பாலன் படுத்திருக்கிறாராம். என்னவாம் வருத்தம்?" எனக்குத் தெரியாது என்றால் நம்பமாட்டார்கள். ஆகவே உண்மையிலேயே தெரியாமல் இருப்பது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். தமிழ்ப் பெயர் உள்ள மாதிரி வந்தால் திறக்காமல், படிக்காமல் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவேன். பக்கத்து மேசையில், மாசி என்ற புறநகரிலிருந்து தினமும் போக்குவரத்து நெரிசலைத் திட்டிக்கொண்டே வரும் ஒருவன். மாசிக்காரன் என்றே வைத்துக்கொள்வோம். அவன் காரணம் கேட்டதில்லை. பதிலுக்கு அவனுடைய மல மாதிரிகளில் பாதியை நான் பார்ப்பேன். பேரத்தில் அவனுக்குத்தான் லாபம். எனக்கோ உள்ளுக்குள் பெரிய பெருமை, எவ்வளவு நாகரிகமான மனிதன் நான் என்று.

நியூ லின்னில் ஒருவர் இருந்தார். சின்னையா அவருடைய அப்பா பெயர், குலசேகரம் அவருடைய பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் குலம் அண்ணை. நாங்கள் வந்திறங்கிய வாரம் எங்கிருந்தோ ஒரு வான் வண்டி கொண்டுவந்து, எங்கள் பழைய குளிர்சாதனப் பெட்டியை முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றித் தந்தவர். அவருடைய மனைவி அங்கே மாலில் துணிக்கடையில் வேலை. என் மனைவியும் அவவும் ஒரே ரயிலில் போய் வருவார்கள்.

ஒருநாள் இரத்தப் போத்தல் ஒன்றில் அவர் பெயர் வந்தது. குடும்பப் பெயர் குலசேகரம், முதற்பெயர் சின்னையா. ஓரத்தில் மஞ்சள் வில்லை. கை சுட்டதுபோல் மாசிக்காரனிடம் தள்ளினேன். வளர்ந்தது சல்மொனெல்லா என்பதும், வழக்கமாகக் கொடுக்கும் மருந்து அதற்குக் கேட்காது என்பதும் புத்தகத்தில் என் வரிக்கு மேல் வரியாக இருந்ததால் கண்ணில் பட்டுவிட்டது. பார்க்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை மண்டபத்தில் அவர் மெலிந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி சிட்னியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். நான் மழையைப் பற்றிக் கதைத்தேன்.

இரண்டரை மாதம் கழிந்தது. காற்று ஜன்னலைப் பிடுங்கப் பார்த்த ஒரு காலை. இரத்தப் போத்தல்களை வைக்கும் இயந்திரம், ஒன்றில் கிருமி வளர்கிறது என்று மணியடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தேன். குடும்பப் பெயர் சின்னையா, முதற்பெயர் குலசேகரம். மஞ்சள் வில்லை இல்லை. தைப்பொங்கலுக்கு மறுநாள் பிறந்தவர் அவர். அந்தத் தேதியும் அப்படியே இருந்தது. சுவர் மணிக்கூட்டில் ஒன்பது ஐந்து. போத்தலை மாசிக்காரனின் மேசைக்குத் தள்ளினேன்.

அரை மணி நேரத்தில் அவன் நுண்ணோக்கியில் கண்ணாடித் துண்டைப் பார்த்துவிட்டு வார்டுக்குத் தொலைபேசியில் சொன்னான்: இரத்தத்தில் கோல் வடிவக் கிருமி வளர்கிறது, என்ன கிருமி என்று நாளைக்குத்தான் தெரியும். மறுபக்கம் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தான்.

"சிறுநீரகத் தொற்றாம். காய்ச்சல் இறங்கிவிட்டதாம். மாத்திரை கொடுத்து இரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். இதுவரை ஆஸ்பத்திரிப் பக்கமே வராத ஆரோக்கியமான மனிதராம்" என்றான்.

"என்ன மாத்திரை?" என்று கேட்டேன். அவன் மருந்தின் பெயரைச் சொன்னான். புத்தகத்தில் என் வரிக்கு மேல் வரியில் "கேட்காது" என்று எழுதியிருந்த அதே மருந்து.

அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. ஏன் என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன், மறைக்காமல் சொல்கிறேன். அந்த மனிதர் வேண்டுமென்றே பெயரைத் திருப்பிக் கொடுத்திருப்பார் என்று எனக்குப் பட்டது. பழைய கோப்பு வெளியே வரக் கூடாது, மனைவிக்குத் தெரியக் கூடாது என்று தன் அப்பாவின் பெயருக்குள் போய் ஒளிந்திருக்கிறார். அவரைப் பிடித்து வெளியே இழுக்க நான் யார்? தவிர, நாளைக்கு ஊரில் கதை பரவினால் எல்லோரும் பார்ப்பது ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற என்னைத்தான். இரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம் ஒரு பக்கம், என் பயம் ஒரு பக்கம். பத்திரத்தை முன்னால் பிடித்துக்கொண்டு பயத்தை அதன் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

தேநீர் நேரம் வந்தது, போனது. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். பொறுப்பாளர் எதிரே வந்து அமர்ந்து என் சோற்றைப் பார்த்தார்.

"காலையில் தேநீரும் குடிக்கவில்லை. இப்போது இதுவும் அப்படியே இருக்கிறது. வீட்டில் ஏதாவது பிரச்சினையா?"

"இல்லை. ஒரு சந்தேகம். ஒரே ஆள் நம் புத்தகத்தில் இரண்டு ஆளாக இருந்தால் என்ன செய்வது?"

"அப்படி ஒரு ஆள் இருக்கிறாரா, இல்லை சும்மா கேட்கிறீர்களா?"

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். அவர் எழுந்து நடந்தார். பின்னால் போனேன். புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு வரிகளையும் விரலால் காட்டினேன். எங்கள் பெயர் வழக்கத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். பிறந்த தேதிகளை அவர் இரண்டு முறை ஒப்பிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எப்போது பார்த்தீர்கள்?"

"ஒன்பது ஐந்து."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பது.

"அவர் எனக்குத் தெரிந்தவர்" என்றேன். "அவருடைய இரகசியம்..."

"இரகசியத்தைக் காப்பாற்ற முதலில் ஆள் இருக்க வேண்டும். யாரிடமெல்லாம் சொல்லக் கூடாது என்று இவ்வளவு யோசித்திருக்கிறீர்கள். யாரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று யோசிக்கவே இல்லை." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவரை முன்பு பார்த்த கிளினிக் வைத்தியருக்கு நான் சொல்கிறேன். வார்டுக்கு நீங்கள் பேசுங்கள். பெயர் விஷயம் என்னால் விளக்க முடியாது."

வார்டில் இளம் வைத்தியர் ஒருவர். எரிச்சலில் இருந்தார், அவருக்கும் அது நீண்ட நாள். நான் சொன்னேன்: உங்கள் நோயாளிக்குப் பெயரைத் திருப்பிப் போட்ட பழைய கோப்பு ஒன்று இருக்கிறது. அவரை அனுப்புவதற்கு முன் அதை நீங்களே பாருங்கள், கட்டிலருகே வாசிக்காதீர்கள். கொடுக்கிற மாத்திரை வேலை செய்யாது என்று நினைக்கக் காரணம் இருக்கிறது.

"இதற்கு முன் அனுமதிக்கப்பட்டதே இல்லை என்று அவரே சொன்னாரே."

"எந்த மொழியில் சொன்னார்?"

"அவருடைய மனைவி மொழிபெயர்த்தார்."

"மனைவியை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பக் கேளுங்கள்" என்றேன்.

கால் மணி நேரத்தில் அவரே அழைத்தார். குரல் மாறியிருந்தது. கோப்பைப் பார்த்துவிட்டார். மனைவியை நேர்ஸ் ஒருவர் கீழே காப்பிக் கடைக்கு அழைத்துப் போயிருந்தார். ஆனால் இது அவருடைய கோப்பா என்று கேட்டால் அந்த மனிதர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறார். வீட்டுக்குப் போக வேண்டும் என்று சட்டையைக் கேட்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் நாளைக்குத்தான் கிடைப்பார். நீங்கள் பேச முடியுமா?

பொறுப்பாளரைப் பார்த்தேன். "வைத்தியர் சொல்வதை மட்டும் சொல்லுங்கள். ஆனால் முதலில் அவருக்கு வேண்டியதைச் சொல்லுங்கள்" என்றார். மாசிக்காரனையும் இழுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

அந்தக் காலத்தில் வார்டுகளில் சக்கரம் வைத்த தொலைபேசி ஒன்று இருக்கும். அதைக் கட்டிலருகே உருட்டிக்கொண்டு போன சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு மூச்சுச் சத்தம்.

"ஐயா, ஆஸ்பத்திரியிலயிருந்து கதைக்கிறன். டொக்டர் கேக்கிறதைத் தமிழில சொல்லப்போறன்" என்று தொடங்கினேன்.

"உந்த ஐயாவை விடும்" என்றார். "உம்மட குரல் எனக்குத் தெரியாதே?"

"ஓம் அண்ணை. நான்தான்."

"உமக்கு எல்லாம் தெரியுமோ?"

"தெரியும்."

"அவவுக்குச் சொல்லுவீரோ?"

"இல்லை அண்ணை. அது நீங்கள் சொல்ல வேண்டியது. நான் சொல்லமாட்டன்."

"உம்மட மனிசிக்கு? ரெண்டு பேரும் ஒரே ரயில்."

"அவளுக்கும் சொல்லமாட்டன். ஆனா அண்ணை, நீங்கள் இப்ப வீட்டை போகக் கூடாது. போன தரம் வந்த அதே கிருமிதான் திரும்பி வந்திருக்குது எண்டு நினைக்கினம். இவை தாற குளிசை அதுக்குக் கேக்காது. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும், சரியான மருந்தை இப்பவே ஏத்துவினம்."

தூரத்தில் யாரோ சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் சத்தம். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"சரி. டொக்டரிட்டச் சொல்லும்" என்றார். "அது நான்தான்."

ஒன்றேகாலுக்கு மருந்து ஏறத் தொடங்கியது. நான்கு மணிக்கு அவருக்கு நடுக்கம் கண்டு இரத்த அழுத்தம் சரிந்தது. பக்கத்தில் ஆள் இருந்தார்கள், கையில் ஊசி ஏற்கெனவே போட்டிருந்தது, தூக்கி நிறுத்திவிட்டார்கள். இரண்டு மணிக்கு அனுப்பியிருந்தால் நான்கு மணிக்கு அவர் வீட்டில் போர்வைக்குள் இருந்திருப்பார். பக்கத்தில் மனைவி சாதாரணக் காய்ச்சல் என்று மல்லித் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்திருப்பார். மறுநாள் தட்டில் வளர்ந்தது சல்மொனெல்லாதான்.

பொறுப்பாளர் என்மேல் புகார் எதுவும் எழுதவில்லை. பொசிட்டிவ் புத்தகத்தைத் திறந்து பேனாவை என் கையில் கொடுத்தார். பார்த்த நேரத்தையும் சொன்ன நேரத்தையும் அந்த வரிக்குப் பக்கத்தில் என் கையால் எழுதச் சொன்னார். எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு கேவலமாக அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை. அன்றிலிருந்து தமிழ்ப் பெயர் உள்ள எந்த மாதிரியையும் நான் தள்ளிவிடவில்லை. முதல் ஆளாக எடுத்துப் பெயரைத் திருப்பிப் போட்டும் தேடுவேன். மாசிக்காரன் தன் மல மாதிரிகளைத் தானே பார்க்க வேண்டி வந்ததில் அவனுக்குத்தான் வருத்தம். உங்களுக்கும் பூசை மண்டபத்தில் முழங்கையைப் பிடிப்பவர்கள் இருப்பார்கள். வாயை மூடுங்கள், கண்ணை மூடாதீர்கள். நான் இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தேன்.

குலம் அண்ணை தப்பினார். பல மாதம் குளிசை எடுத்தார். அதற்குள் கூட்டு மருந்துகள் வந்துவிட்டன, உடம்பு தேறியது. இப்போது எழுபது தாண்டிவிட்டார். அந்தத் தடவை வார்டிலிருந்து வீட்டுக்குப் போகும் முன்பே, கிளினிக் நேர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனைவியிடம் தானே சொல்லியிருக்கிறார். அவவுக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. இதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்து அவர் சொல்லித்தான் தெரியும். இந்தக் கதையை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதும். ஆனா என்ரை பேர் ரெண்டையும் மாத்திப்போடும்" என்று சிரித்தார். இப்போது இரண்டு வீட்டிலும் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

அப்போது அப்படியில்லை. வார்டிலிருந்து வந்த பிறகு அவர் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். மண்டபத்தில் நான் நுழைந்தால் மற்ற வாசலால் போவார். எனக்கு அது வலித்தது, ஆனால் புரிந்தது. என் முகத்தைக் கண்டால் அந்தத் தொலைபேசிதான் ஞாபகம் வரும். என் மனைவிக்கு மட்டும் புரியவில்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தாள்.

"அவரோட என்ன கொழுவினியள்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாமலே மனிசன் முகத்தைத் திருப்புது? நீங்கள்தான் ஏதோ பகிடி விட்டிருப்பியள். உங்கட பகிடி எல்லாருக்கும் ஒத்துவராது. எங்களுக்குப் பெட்டி சுமந்த மனிசன் அவர்."

நான் மறுக்கவில்லை. மறுத்தால் வேறு காரணம் சொல்ல வேண்டும். என் மௌனத்தைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி மண்டரின் ஆரஞ்சும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்து, "நியூ லின்னுக்கு விடுங்கோ. மன்னிப்புக் கேட்டிட்டு வருவம்" என்றாள்.

கதவைத் திறந்தவர் குலம் அண்ணை. எங்களைக் கண்டு அப்படியே நின்றார். உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்தார். என் மனைவி என் விலாவில் இடித்தாள்.

"அண்ணை, நான் ஏதும் பிழையாச் சொல்லியிருந்தால் மனசில வைச்சிருக்காதையுங்கோ. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக நேராகப் பார்த்தார். கண் கலங்கியது. அவருடைய மனைவி தேநீர்த் தட்டோடு அசையாமல் நின்றார். குலம் அண்ணை என் மனைவி பக்கம் திரும்பி, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"ஓம் தங்கச்சி, அண்டைக்கு இவர் சொன்னது எனக்குப் பொறுக்கேலாமத்தான் இருந்தது. நான் மன்னிச்சிட்டன். இனி அதை ஒருத்தரும் கதைக்க வேண்டாம்."

செய்யாத குற்றத்துக்கு அவ்வளவு நிறைவாக மன்னிப்பு வாங்கியவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். புறப்படும்போது கார் வரைக்கும் வந்தார். கையைப் பிடித்தார், விடவில்லை. பிறகு என் பக்கத்துக் கதவைத் தானே சாத்திவிட்டு ஒதுங்கி நின்றார்.

தெரு முனை திரும்பியதும் என் மனைவி பெருமூச்சு விட்டுச் சாய்ந்தாள்.

"எவ்வளவு நல்ல மனிசன். இனியாவது உங்கட வாயைக் கொஞ்சம் அடக்கி வையுங்கோ."

"ஓம்" என்றேன்.